கன்னத்துக் கோடு உடையும் இடம்

இன்று காலை என் கணினித் திரையில் ஒரு கிழவனுக்கு மூக்குக் கண்ணாடி மாட்டினேன். கிழவன் நிஜமில்லை. கோயம்புத்தூரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர் விளம்பரத்துக்குக் கேட்டார் என்று மூன்று நாளாக உட்கார்ந்து முப்பரிமாணத்தில் நானே செய்த முகம். சுருக்கம், நரைத்த மீசை, காது மடலில் முடி எல்லாம் வைத்தாயிற்று. கண்ணாடிக்கு மட்டும் முதலில் கனம் கொடுக்கவில்லை. தாள் போலத் தட்டையாக வைத்து, ஒளி ஊடுருவும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பார்த்தால், வெறும் கம்பிச் சட்டத்தை மாட்டிக்கொண்டு கிழவன் என்னை முறைக்கிறான். பிறகு புத்தி வந்து, ஓரத்தில் தடிமன், நடுவில் மெலிசு, ஒளிவிலகல் எண் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே என்று போட்டு, படமாக்கச் சொல்லி ரெண்டர் கொடுத்தேன். படம் கட்டம் கட்டமாகத் தெளிந்து வந்தது. கன்னத்துக் கோடு கண்ணாடிக்குள் நுழைந்ததும் பட்டென்று உடைந்து, மூக்குப் பக்கமாக நகர்ந்து நின்றது. கண் சுருங்கி உள்ளே போனது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"ஏனுங்க, தனியா உக்காந்துட்டு என்ன சிரிப்பு?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் என் மனைவி.

"மாடசாமி அண்ணாச்சி ஞாபகம் வந்துருச்சு."

அவளுக்கு அந்தக் கதை தெரியும். பாதி தெரியும். மீதிப் பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. முக்கியமாக என் கூட்டாளியான உன்னிடம் சொல்லவில்லை. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இனிமேல் சொன்னால் நீ சண்டைக்கு வரமாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எழுபத்தைந்தோ எழுபத்தாறோ, வருடம் சரியாகச் சொல்ல முடியவில்லை. கேரள எல்லையில் வேலந்தாவளம் சந்தை முக்கில் நாம் இருவரும் வேலை பார்த்த போர்டுக் கடை மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது. எழுத்து உன் பங்கு, படம் என் பங்கு. பலகையின் ஒரு பாதியில் தமிழ், மறுபாதியில் மலையாளம் என்று நீ ஸ்கேல் வைக்காமல் எழுதிக்கொண்டே போவாய். நான் சோடா பாட்டில், காங்கேயம் காளை, முருகன், கட்சித் தலைவர் என்று கேட்டதை வரைவேன். மாட்டுச் சந்தை நாளில் காயப்போட்ட பலகையில் எந்த மாடாவது வந்து முதுகைச் சொரிந்துகொள்ளும். நம் நீலம் அதன் முதுகில், அதன் மயிர் நம் நீலத்தில். மாட்டிடமே நான், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று கெஞ்சுவதைப் பார்த்து, "மாட்டுக்கும் மரியாத குடுக்குற ஊருலே இது" என்று சிரிப்பாய். நீ 'லே' போட்டுப் பேசியதை முதல்முறை கேட்ட என் அம்மா, யாரையோ கண்டபடி திட்டுகிறாய் என்றே நினைத்தாள்.

நீ சின்னக்கானல் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். உன் அப்பா அங்கே ஃபேக்டரியில் தூள் சலிக்கும் அறையில் வேலை பார்த்தார். அப்பா வேலையில் மகன் ஏறிக்கொள்வது அங்கே வழக்கம். நீ மாட்டேன் என்றாய். எழுத்துதான் வரும், தேயிலை வராது என்றாய். அவர் சொன்ன பதிலை எனக்கு எத்தனையோ தடவை குரலைக் கனமாக்கி நடித்துக் காட்டியிருக்கிறாய்: "போறவன் போ. திரும்ப மலை ஏறி வராத." நீயும் லேசுப்பட்ட ரோஷக்காரன் இல்லை. இரண்டு வருடம் ஏறவில்லை. பிறகு தந்தி வந்தது. மழைக்காலம், வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட, நீ நடந்து போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

பத்து மாதம் கழித்து உன் அம்மாவிடமிருந்து, யாரிடமோ சொல்லி எழுதிய கடிதம் ஒன்று வந்தது. தலைத் திவசம் வருகிறது, முன்னால் வைத்துக் கும்பிட ஒரு படம் கூட இல்லை, எப்படியாவது அவுக முகத்தைக் கொண்டு வா என்று இருந்தது. கடிதத்தோடு ஒரு குரூப் போட்டோவும் வந்தது. எஸ்டேட் தொரை மாற்றலாகிப் போனபோது எல்லோரையும் நிற்க வைத்து எடுத்தது. உன் அப்பா எடுத்துக்கொண்ட ஒரே படம்.

நீ அதை என் பலகையின் மேல் வைத்துவிட்டுச் சொன்னாய்: "மூஞ்சியப் பாக்கத்தான் போகாம இருந்துட்டேன். மூஞ்சியவாவது கொண்டு போய்க் குடுக்கணும்லே. எங்கம்மாவுக்கு நான் செய்ய முடியிறது இது ஒண்ணுதான்."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு உன் அப்பா. நெற்றி தெரிந்தது, மீசை தெரிந்தது, தாடை தெரிந்தது. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளை வட்டம். வெயில் நேராக மூக்குக் கண்ணாடியில் அடித்திருந்தது.

"கண்ணு எப்புடிடா இருக்கும் அவருக்கு?"

நீ பூதக்கண்ணாடியை வாங்கி நீயும் பார்த்தாய். "கண்ணாடிதாம்லே ஞாபகம் இருக்கு. கண்ணு ஞாபகம் வரல."

"உன்ற கண்ணு மாதிரியா?"

"ச்சீ. நான் எங்கம்மா மாதிரி. அவரு சாடை எனக்குக் கொஞ்சங்கூடக் கெடையாது." இதை நீ ஏதோ பரிசு வாங்கியவன் போலச் சொல்வாய். அன்றும் அப்படித்தான் சொன்னாய்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, கை மேல் நம்பிக்கை கொஞ்சம் அதிகம். கட்டம் போட்டுப் பெரிதாக்கி, ஆயில் பெயிண்டில் ஒரு வாரத்தில் முடித்தேன். கண்ணுக்கு என்ன, எனக்குத் தெரிந்த அழகான கண் இரண்டு வைத்தேன், அகலமாக, களையாக. மூக்குக் கண்ணாடிக்குக் கறுப்பாக இரண்டு வளையம், வளையத்துக்குள் குறுக்கே வெள்ளையில் ஒரு இழுப்பு. சோடா பாட்டிலுக்கு அப்படித்தானே மினுக்கம் காட்டுவேன்! கடையில் எல்லோரும் ஆகா என்றார்கள். நீயும் காதைச் சொரிந்துகொண்டே நல்லாயிருக்கு என்றாய். பொய் சொல்லும்போது மட்டும் நீ காதைச் சொரிவாய் என்பது தெரிந்தும், புகழ்ச்சி மயக்கத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

பலகையைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று பஸ் மாறி மாறிப் போனோம். கடைசிப் பகுதிக்கு எஸ்டேட் லாரி. உங்கள் லயத்தில், ஒட்டி ஒட்டி இருந்த அந்த வரிசை வீடுகளில், எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வேட்டியைப் பிரித்ததும் ஆளாளுக்கு "அச்சு அசல்" என்றார்கள். உன் அம்மா மட்டும் கொழுந்து பறித்துக் கறுத்துப்போன விரலால் பலகையைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, கிட்டத்தில் ஒரு தடவையும் எட்டத்தில் ஒரு தடவையும் பார்த்தாள்.

"படம் ரொம்ப நல்லாருக்கு ராசா. சினிமாக்காரர் மாதிரி இருக்காரு. ஆனா இது இவன் அப்பா இல்ல."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "எந்த எடமுங்கம்மா தப்பா இருக்குது? சொன்னீங்கன்னா மாத்தீரலாமுங்க."

அவள் தன் கண்ணின் வெளி ஓரத்தை, கன்னம் முடிகிற இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இந்த எடம். இந்த எடம் அவுகளுக்கு இப்படி ஒழுங்கா இருக்காது." பிறகு யோசித்து, "கண்ணாடி போட்டாகன்னா கண்ணு உள்ள போயிரும். கழட்டினா வெளிய வந்துரும். ரெண்டும் ரெண்டு ஆளு. நீ போட்டது கழட்டின ஆளும் இல்ல, போட்ட ஆளும் இல்ல."

சொல்லிவிட்டு, வந்த பிள்ளைகள் பசியோடு இருக்குமே என்று அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். திவசத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. நீ பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாய். உன்னை அவ்வளவு சின்னவனாக நான் பார்த்ததில்லை. எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு வாரம் கண் வலிக்க வரைந்தவனிடம் கன்னம் ஒழுங்காக இருக்கிறது என்று குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? அந்தக் கோபத்தில்தான், அவர் கண்ணாடியை நேரில் பார்க்காமல் நான் என்ன செய்வது என்று கத்தினேன்.

நீ தலையைத் தூக்கினாய். "எம்மா, அப்பா கண்ணாடி எங்க?"

"அதான் பதினாறாம் நாளு குடுத்தாச்சே. நீ அதுக்கு முன்னயே மலை எறங்கிட்டியே."

உங்கள் லயத்து வழக்கம் அது. இறந்தவரின் கம்பளி, டார்ச் லைட், மழைக்கோட்டு எல்லாவற்றையும் பதினாறாம் நாள் பகிர்ந்து கொடுப்பார்கள். மூக்குக் கண்ணாடியை மட்டும் சும்மா கொடுப்பதில்லை. கண் டாக்டரைப் பார்ப்பது அந்தக் காலத்தில் லேசான காரியமா! பார்வை மங்கினவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று அதைப் போட்டுப் பார்ப்பார்கள். வாசற்படியில் நின்றுகொண்டு உள்சுவர்க் காலண்டரில் தேதியைப் படிப்பவருக்குக் கண்ணாடி. உன் அப்பாவின் கண்ணாடியைப் போட்டு, தேதி மட்டுமல்லாமல் கீழே பொடி எழுத்தில் இருந்த ராகுகாலத்தையும் படித்துவிட்டவர் மாடசாமி அண்ணாச்சி. படித்த கையோடு வாங்கிக்கொண்டு, சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத்துக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டாராம்.

மறுநாள் விடியற்காலையில் ஜீப்பில் தொற்றிக்கொண்டோம். உள்ளே பதினைந்து பேர், நீ வெளியே தொங்கினாய். பூப்பாறை, நெடுங்கண்டம் என்று போய், கடைசியில் ஏலச் செடிகளுக்கு நடுவே நடந்தோம். நாம் அவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. தூரத்திலிருந்தே அவர் உன்னைக் கண்டுபிடித்துக் கையை ஆட்டினார். பெருமையாக, "பாத்தியா, இம்புட்டு தூரத்துலயே ஆள் அடையாளம் தெரியுது எனக்கு" என்றார்.

"அண்ணாச்சி, அந்தக் கண்ணாடி விசயமாத்தான் வந்தோம்" என்று நீ ஆரம்பித்ததுதான் தாமதம், அவர் கை மேலே போய்க் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது.

"தம்பி, உங்கம்மா மனசார குடுத்தது. குடுத்ததத் திருப்பிக் கேக்கப்பிடாது, ஆமா."

"திருப்பிக் கேக்கல அண்ணாச்சி."

"இது இல்லாம நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. அங்க மேல வேல பாக்கயில, பாறைன்னு நெனச்சு ஒண்ணுக்குப் பக்கத்துல சாஞ்சு நின்னு பீடி பத்த வச்சேன். பாறை காத ஆட்டிச்சு. கொம்பன் யானை. எப்படி ஓடினேன்னு எனக்கே தெரியாது."

நாம் இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அப்பாவுக்குப் பிறகு நீ அப்படிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பிறகு விஷயத்தை விளக்கினோம். அரை மணி நேரம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவர் சம்மதித்தார்.

முதலில் அவரையே கண்ணாடியோடு உட்காரவைத்துப் பார்த்தேன். பார்த்ததும் உன் அம்மா தொட்டுக் காட்டிய இடம் புரிந்துவிட்டது. நெற்றிப் பொட்டிலிருந்து இறங்கி வருகிற முகத்தின் ஓரக்கோடு, கண்ணாடி தொடங்குகிற இடத்தில் அறுந்து, உள்ளே தள்ளி வேறொரு கோடாக ஓடி, கண்ணாடி முடிந்ததும் மறுபடியும் பழைய இடத்துக்கு வந்தது. நான் அதை ஒரே கோடாக, வழவழவென்று இழுத்து வைத்திருந்தேன்! ஆனால் அண்ணாச்சியின் கன்னம் ஒட்டிப்போன கன்னம். அந்த அளவை உன் அப்பாவுக்கு வைக்க முடியாது. போட்டோவில் தெரிந்த தாடையும் கன்ன எலும்பும் உன்னுடையவை என்று எனக்கு முன்பே தெரியும். சொன்னால் கோபித்துக்கொள்வாய்.

"கன்னத்து அளவுக்கு மட்டும்டா. சாடைக்கு இல்ல" என்று சொல்லி உன்னை உட்காரவைத்தேன்.

அந்தக் காட்சியை நினைத்துத்தான் இன்று சிரித்தேன். நீ அந்தக் கனத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் கட்டி, "தலை சுத்துதுலே, வெரசா முடி" என்று முனகுகிறாய். கண்ணாடி இல்லாத அண்ணாச்சி, நாம் ஓடிவிடுவோமோ என்று உன் சட்டை நுனியை இறுகப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த மரத்தைப் பார்த்து, "ஆச்சா தம்பி?" என்று என்னைக் கேட்கிறார். நான் இந்தப் பக்கம் இருந்தேன். பேப்பரும் பென்சிலுமாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடிக்கென்று ஒரு நிறமும் இல்லை. மேல் வளைவில் ஏல இலையின் பச்சை, கீழே உன் சட்டையின் காவி, தடித்த ஓரத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். அத்தனைக்கும் பின்னால், வழக்கத்தைவிடச் சின்னதாகி, ஈரமாக என்னைப் பார்க்கிற கண். அதுவரை கண்ணாடி என்று நான் வரைந்ததெல்லாம் வெள்ளைப் பெயிண்ட்தான் என்று அன்று தெரிந்தது.

கண்ணாடியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்து நீ என் தாளைப் பார்த்தாய். "கறைய விட்டுட்டியே."

வலது கண்ணாடியின் கீழ் மூலையில் கட்டைவிரல் ரேகையும் தூசியுமாக ஒரு மங்கல் இருந்தது. வேண்டுமென்றுதான் விட்டிருந்தேன். "அது அண்ணாச்சியோட கட்டவெரல்டா. உங்கப்பனுதா?"

"யாருதா இருந்தா என்ன? கறை இல்லாத கண்ணாடிய எவன் போடுதான்? எங்கப்பா நாளெல்லாம் தூளுக்குள்ள நின்னவரு. போடு."

"படம் அழுக்கா இருக்குன்னு உங்கம்மா சொன்னாங்கன்னா?"

"நான் பாத்துக்கிடுதேன்."

முணுமுணுத்துக்கொண்டே போட்டேன். இப்போது மென்பொருளிலேயே இதற்கு வசதி இருக்கிறது. விரல் ரேகை, தூசி, துடைத்த தடம் எல்லாம் தனித்தனிப் படமாகக் கிடைக்கும். எடுத்துக் கண்ணாடியின் மேல் ஒட்டினால் போதும், அதுவரை பொம்மையாக இருந்தது சட்டென்று நிஜமாகிவிடும். கடைக்காரர்கள்தான் விடமாட்டார்கள், பளிச்சென்று இருக்கட்டும் என்பார்கள். நான் கொஞ்சமாகக் குறைத்துவிட்டு, எடுத்தாயிற்று என்று சொல்லிவிடுவேன். இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

பழைய முகத்தின் மேலேயே, உங்கள் வீட்டுப் பின்கட்டில் விறகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தேன். ஆறு நாள். உன் அம்மா கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள், உள்ளே எட்டிப் பார்க்கமாட்டாள். திவசத்தன்று காலையில் பலகையை நீயே தூக்கிக்கொண்டு போய் மணைமேல் வைத்தாய். பெயிண்ட் இன்னும் முழுக்கக் காயவில்லை. இலை போட்டு, சோறும் கறியும், அவருக்குப் பிடித்த பால் ஊற்றாத கட்டன் சாயாவும் வைத்திருந்தார்கள். லயத்து ஆட்கள் இந்த முறை எல்லோரும் உன் அம்மாவைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். நீ என் முழங்கையைப் பிடித்திருந்தாய், இறுக்கிய இறுக்கில் கன்றிப்போய்விட்டது.

அம்மா கையில் சாம்பிராணித் தட்டோடு வந்தாள். நின்றாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"எத்தன தடவ சொல்லுதது உங்களுக்கு? கண்ணாடியத் தொடச்சிட்டு வந்து இலையில உக்காருங்கன்னு!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. நீ அவள் மடியில் முகத்தை வைத்து, "வந்துட்டேம்மா, வந்துட்டேன்" என்று அழுதாய். சுற்றிலும் எல்லோரும் அழுதார்கள். நான் ஒருவன் மட்டும் சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம் பிறகு என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. இதை என் மனைவி படிக்காமல் இருக்க வேண்டும்.

அந்த வருடமே நீ மலைக்குத் திரும்பிவிட்டாய். ஃபேக்டரிக்குப் போகவில்லை, போர்டுதான் எழுதினாய். எஸ்டேட்டுக்கு, சர்ச்சுக்கு, கோயிலுக்கு, பின்னாளில் தங்கும் விடுதிகளுக்கு. சின்னக்கானல் சாலையில் உன் எழுத்து இல்லாத வளைவு கிடையாது. நான் கோயம்புத்தூரில் ஒரு விளம்பரக் கம்பெனிக்குப் போய், தூரிகையை வைத்துவிட்டுக் கணினியைப் பிடித்துக்கொண்டேன். முதன்முதலாகத் திரையில் ஒரு கண்ணாடி டம்ளர் செய்தபோது அது ரெண்டராகி முடிய ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. உனக்குப் போன் போட்டு, "கண்ணாடிக்குக் கனம் குடுத்தாத்தான் கண்ணாடியாகுதுன்னு மிசினும் சொல்லுதுடா" என்றேன். "மாடசாமி அண்ணாச்சி அப்பவே காட்டிட்டாருல்லா" என்றாய்.

ஒவ்வொரு வருடமும் நான் மலைக்கு வருவேன். காலையில் நீ தலை வாரும்போது அப்பாவின் படத்துக்கு முன்னால்தான் நிற்பாய். மகள் பத்தாவது தேறினாள், தேயிலை விலை விழுந்துவிட்டது, இந்த வருடம் மழை பிந்திவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்வாய். ஒருமுறை சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் திரும்பிச் சொன்னாய்: "நேருல பாத்த வரைக்கும் இப்படி ஒரு பார்வ அவரு என்னப் பாத்ததே இல்லலே. கோவமே இல்ல பாரு. கண்ணு கலங்கினாப்புல இருக்கு. மலை ஏறி வந்துட்டான்னு தெரிஞ்சிருக்கு அவருக்கு."

நான் சாயாவைக் குடித்துக்கொண்டே ஆமாம் என்றேன்.

இப்போது மீதிப் பாதியைச் சொல்கிறேன். அது உன் கண். எனக்கு வேறு கண் கிடைக்கவில்லை. போட்டோவில் இருந்தது இரண்டு வெள்ளை வட்டம், அம்மா சொன்னதில் அளவு மட்டும்தான் இருந்தது. சக்குபள்ளத்தில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நான் பார்த்ததை அப்படியே வைத்தேன். கலங்கினாற்போல இருக்கிறது என்றாயே, அது பவர் ஒத்துக்கொள்ளாமல் உன் கீழிமையில் கட்டிய நீர். கன்னத்து அளவுக்கு மட்டும் என்று சொன்னது பொய். நாற்பது வருடத்துக்கும் மேலாக நீ தினமும் காலையில் உன் கண்ணைப் பார்த்துத்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

பொறு, எழுந்து வராதே. இன்னும் இருக்கிறது. திவசம் முடிந்து நான் லாரிக்குக் காத்திருந்தபோது, நீ என் பையை எடுக்க உள்ளே போயிருந்தாய். உன் அம்மா என் கையில் ஒரு பொட்டலம் தேயிலையை வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கண்ணு யாருதுன்னு எனக்குத் தெரியும் ராசா. அவுகளுக்கும் அதே கண்ணுதான். அவுக கண்ணாடியக் கழட்டி அவன் பாத்ததில்ல, அதனால அவனுக்குத் தெரியாது. நீ சொல்லிராத. சொன்னா அழிக்கச் சொல்லுவான்." அவள் இருந்தவரை சொல்லவில்லை. அவள் போன பிறகும் சொல்லவில்லை. அப்பா சாடை கொஞ்சங்கூடக் கிடையாது என்று நீ மார்தட்டும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆகவே நீ ஏமாறவும் இல்லை. உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது அவர் கண்தான்.

போன வாரம் உன் மகள் போன் செய்தாள். உன் தலைத் திவசம் வருகிறது. "பெரியப்பா, அப்பா படம் ஒண்ணு உங்க கையால வரஞ்சு குடுங்க. கம்ப்யூட்டர்ல வேண்டாம், பெயிண்டுல" என்றாள். உனக்கும் கடைசிக் காலத்தில் கண்ணாடி வந்துவிட்டது அல்லவா, அவள் அனுப்பிய போட்டோக்களில் எல்லாம் கண் இருக்கிற இடத்தில் வெளிச்சம் அடித்திருக்கிறது. "எதுலயும் கண்ணு சரியா விழல பெரியப்பா. வேற தேடி அனுப்பவா?" என்று கேட்டாள்.

வேண்டாம் சாமி, கண்ணு என்கிட்ட இருக்குது என்றேன்.